உள்ளரங்கம் செல்வோர் அறிய வேண்டியவை



அடுத்த ஆண்டில் நம் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கோலாலம்பூருக்கு அழைத்துச் சென்று, புக்கிட் ஜாலில் உள்ளரங்கில் நடைபெறும் மலேசியப் பொதுப் பூப்பந்துப் போட்டியைக் காட்டி வரலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேசப்பட்டது. கேட்டவர்கள் மகிழ்ந்தனர். ஆயினும், கூட்டம் கலையும் வேளையில் ஒரு தாயார் என்னிடம் தனியே வந்தார். இசைவுக் கடிதம் கையெழுத்திடப்படாமல் அவர் கையிலேயே இருந்தது. “ஐயா, அவ்வளவு கூட்டத்துல பிள்ளை கைதவறிப் போயிட்டா, எங்கேன்னு போய்த் தேடுறது?” என்று கேட்டார்.

“கவலைப்படாதீர்கள்” என்று ஒரு சொல் கூறி அவரை அனுப்பிவிட என் மனம் ஒப்பவில்லை. அக்கேள்வியின் பொருளைச் சிறு வயதிலேயே பட்டறிந்தவன் நான். ஆகவே, அவ்வம்மையாருக்குக் கூற வேண்டிய விடையையே இவ்வாண்டு மலரில் கட்டுரையாக வரைகின்றேன். அவரைப் போன்று கேட்க எண்ணிக் கேளாதிருப்போர்க்கும் இது பயன்படும் என நம்புகின்றேன்.

நான் வழி தவறிய கதை

1981ஆம் ஆண்டு. நான் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். என் தந்தையார் பால் மரம் வெட்டும் தொழிலாளி. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, தலைநகரில் ஓர் உள்ளரங்கில் நடைபெற்ற பூப்பந்தாட்டத்தைக் காண என்னை அழைத்துச் சென்றார். அதற்குமுன் நான் பார்த்திருந்த கட்டடங்களுள் மிகப் பெரியது எங்கள் தோட்டத்துப் பால் கொட்டகையே ஆகும்.

இடைவேளையில் கழிப்பறைக்குச் சென்று வருவதாகச் சொல்லிவிட்டுத் தனியே வெளியே வந்தேன். திரும்பும்போது ஒரு கதவின் வழியாக உள்ளே நுழைந்தேன். இருக்கைகள் இருந்தன, மக்கள் இருந்தனர், என் தந்தையைக் காணவில்லை. அடுத்த கதவிற்கு ஓடினேன். அங்கும் அதே தோற்றம். வட்டமான நடைபாதையில் மீண்டும் மீண்டும் சுற்றினேன். நுழைவுச்சீட்டுகள் இரண்டும் தந்தையின் சட்டைப் பையில் இருந்தன. எங்கள் இருக்கை எண்ணை நான் ஒருமுறையேனும் படித்திருக்கவில்லை.

இறுதியில் மலாய்க்காரப் பெரியவர் ஒருவர், அங்கே பணியாளராக இருந்தவர், என் கையைப் பிடித்துப் படிக்கட்டின் அருகே உட்காரவைத்து, “டுடோக் சினி” என்றார். ‘இங்கேயே உட்கார்’ என்பது அதன் பொருள். சற்று நேரத்தில் என் தந்தையார் வியர்க்க விறுவிறுக்க அவ்வழியே வந்தார். அவரும் என்னைத் தேடி அதே நடைபாதையில், அதே திசையில் சுற்றிக்கொண்டிருந்தாராம். வட்டப் பாதையில் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே வேகத்தில் செல்லும் இருவர் எத்தனை முறை சுற்றினாலும் சந்திக்கமாட்டார்கள் என்னும் கணக்கை அன்றுதான் கற்றேன்.

வீடு திரும்பும் பேருந்தில் அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “நானும் நிக்கல, நீயும் நிக்கல. யாராச்சும் ஒருத்தர் நின்னிருந்தா போதும்டா” என்றார். யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்று நான் சொன்னபோது, சீருடை அணிந்தவர்களிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். ஆட்டத்தின் பிற்பகுதியை நாங்கள் இருவருமே காணவில்லை. அதைவிட, இருட்டிலும் தம் நிரையை விட்டு வழுவாது மரம் வெட்டிய என் தந்தை, விளக்குகள் ஒளிர்ந்த ஒரு கட்டடத்திற்குள் வாய்திறவாது தடுமாறினாரே என்பதுதான் இன்றும் என் நெஞ்சில் நிற்கின்றது.

அந்நிலை நம் பிள்ளைகளுக்கும் பெற்றோர்க்கும் வரக்கூடாது. பெரிய கட்டடத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது எவ்வாறு அமைந்துள்ளது என்பதை அறிந்தால், அச்சம் தானே நீங்கும்.

புக்கிட் ஜாலிலும் உள்ளரங்கமும்

நம் நாட்டின் முதல் பேருள்ளரங்கம் கோலாலம்பூரில் 1962ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நெகாரா அரங்கம் ஆகும். 1970ஆம் ஆண்டின் தாமஸ் கிண்ண இறுதிப் போட்டி அங்கேதான் நடைபெற்றது. 1992ஆம் ஆண்டில் மலேசியக் குழுவினர் இந்தோனேசியாவை 3-2 என வென்று தாமஸ் கிண்ணத்தைக் கைப்பற்றியதும் அவ்வரங்கிலேயே ஆகும்.

நாம் செல்லக் கருதியுள்ள புக்கிட் ஜாலில் உள்ளரங்கம், 1998ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் கோலாலம்பூரில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டுகளுக்காக எழுப்பப்பட்ட வளாகத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 16,000 பேர் அமரத்தக்கது. தொடக்கத்தில் அதற்குப் புத்ரா அரங்கம் என்று பெயர். 2017ஆம் ஆண்டில் அது அக்‌ஷியாத்தா அரீனா எனப் பெயர் மாற்றம் பெற்றது. முதியோர் பலர் இன்றும் பழைய பெயரையே வழங்குவர். வழி கேட்கும்போது ஒரு பெயர் விளங்காவிடின் மற்றொன்றைச் சொல்லுங்கள். 2000, 2010 ஆகிய ஆண்டுகளின் தாமஸ் கிண்ண, ஊபர் கிண்ணப் போட்டிகள் அங்கு நடைபெற்றன. 2018ஆம் ஆண்டு லீ சோங் வெய் தம் பன்னிரண்டாவது மலேசியப் பொதுப் போட்டி வெற்றியை அங்கேதான் பெற்றார்.

மாணவர்களே, இன்னொரு செய்தியையும் அறிந்துகொள்ளுங்கள். புக்கிட் ஜாலில் என்பது முன்னாளில் ஒரு தோட்டத்தின் பெயர். நம்மைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் அங்கே லயங்களில் வாழ்ந்து உழைத்தன. அத்தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி இன்றும் உள்ளது. ஆகவே, நாம் அங்குச் செல்லும்போது முன்பின் அறியாத ஊருக்குச் செல்வதாகக் கருதித் தலைகுனிய வேண்டியதில்லை. நம்மவர் வியர்வை சிந்திய மண்ணிலேயே நாம் கால் வைக்கின்றோம்.

அரங்கின் அமைப்பு

பூப்பந்தாட்டத்தை ஏன் கூரையின்கீழ் ஆடுகின்றனர்? இறகுப்பந்து பதினாறு இறகுகளைக் கொண்டது. அதன் எடை ஏறத்தாழ 5 கிராம். மெல்லிய காற்றும் அதன் போக்கை மாற்றிவிடும். ஆதலால்தான் சுவரும் கூரையும் சூழ்ந்த அரங்கம் தேவைப்படுகின்றது. நடுவில் தூண்கள் இருப்பின் பார்வையை மறைக்கும். எனவே, கூரையை இரும்புச் சட்டங்களால் பின்னி, அதன் பாரத்தை ஓரங்களில் உள்ள தூண்களும் சுவர்களும் தாங்குமாறு கட்டுகின்றனர்.

நடுவே ஆட்டக்களம், அதனைச் சூழப் படிப்படியாக உயரும் இருக்கைகள், இருக்கைகளுக்குப் பின்னால் அரங்கைச் சுற்றிச் செல்லும் நடைபாதை, அந்நடைபாதையிலிருந்து இருக்கைகளுக்குச் செல்லும் பல கதவுகள், அதற்கும் வெளியே நுழைவாயில்கள். பெரிய உள்ளரங்குகள் பெரும்பாலும் இவ்வாறே அமைந்திருக்கும். மத்தளத்தை நிமிர்த்தி வைத்து, அதனுள் ஒரு கிண்ணத்தைப் பொருத்தியதுபோல் எண்ணிப் பாருங்கள். கிண்ணத்தின் உட்புறம் இருக்கைகள்; கிண்ணத்திற்கும் மத்தளத்தின் சுவருக்கும் இடைப்பட்ட இடமே நடைபாதை.

இவ்வமைப்பு புதிதன்று. ரோமாபுரியில் கி.பி. 80ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கொலோசியம் என்னும் திறந்தவெளி அரங்கில் சுற்றிலும் 80 வளைவு வாயில்கள் இருந்தன. அவற்றுள் 76 வாயில்களுக்கு எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. எண்கள் சிலவற்றை இன்றும் அங்கே காணலாம். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கூடும் இடத்தில் ஒவ்வொருவரும் தத்தம் இடத்தை அறிய எண்ணே துணை என்பதை அக்காலத்தவரே உணர்ந்திருந்தனர்.

வழி தவறுவதற்குக் காரணமும் இவ்வமைப்பிலேயே உள்ளது. நம் பள்ளிக்கூடத்தில் முன்புறம், பின்புறம் என்ற வேறுபாடு உண்டு. வட்டமான அரங்கிலோ மூலை இல்லை. எப்பக்கமும் ஒரே தோற்றம். கண்ணை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். எண்ணை நம்பினால் ஏமாறமாட்டோம்.

அரங்கிற்குச் செல்லும் வழி

பள்ளிப் பயணத்தில் மாணவர்கள் வாடகைப் பேருந்தில் செல்வர். குடும்பத்துடன் தாமாகச் செல்ல விரும்புவோர்க்கு எல்.ஆர்.டி. எனப்படும் இலகு இரயிலே எளிய வழி. சிரி பெட்டாலிங் வழித்தடத்தில் புக்கிட் ஜாலில் என்னும் பெயரிலேயே நிலையம் உண்டு. இத்தடத்தின் இப்பகுதி 1998ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நிலையத்திலிருந்து விளையாட்டு வளாகத்திற்கு நடந்தே செல்லலாம்.

வெளியூர்ப் பேருந்தில் வருவோர் தெற்கு ஒருங்கிணைந்த முனையத்தில் இறங்குவர். 2011ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இம்முனையத்தைச் சுருக்கமாக டி.பி.எஸ். என்பர். அதனை ஒட்டியே பண்டார் தாசேக் செலாத்தான் நிலையம் உள்ளது. நடைபாலத்தின் வழியாகச் சென்று எல்.ஆர்.டி. ஏறினால், அடுத்தது சுங்கை பெசி. அதற்கடுத்தது புக்கிட் ஜாலில். இரண்டாவது நிலையத்தில் இறங்க வேண்டும் என்று விரல்விட்டு எண்ணிக்கொள்க. சிரம்பான் பக்கத்திலிருந்து கொமுட்டர் இரயிலில் வருவோரும் பண்டார் தாசேக் செலாத்தானில் இறங்கி இவ்வாறே மாறலாம்.

கே.எல். சென்ட்ரலில் இறங்குவோர், கிளானா ஜெயா வழித்தடத்தில் ஏறி மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இறங்கி, அங்கே வண்டி மாற வேண்டும். இவ்விடத்தில் விழிப்பு மிகத் தேவை. ஒரே மேடைக்கு இருவகை வண்டிகள் வரும். ஒன்று அம்பாங் செல்வது. மற்றொன்று புத்ரா ஹைட்ஸ் செல்வது. நாம் ஏற வேண்டியது புத்ரா ஹைட்ஸ் வண்டி. தவறி அம்பாங் வண்டியில் ஏறிவிட்டாலும் கலங்க வேண்டா. இரு தடங்களும் சான் சோவ் லின் நிலையம்வரை ஒன்றாகவே செல்லும். அங்கே இறங்கிச் சரியான வண்டியில் மாறிக்கொள்ளலாம். அந்நிலையத்தைத் தாண்டிவிட்டால், அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்த்திசை வண்டியில் சான் சோவ் லின்னுக்கே திரும்பி வருக.

இயந்திரத்தில் பணம் செலுத்தினால் சிறு வில்லை ஒன்று கிடைக்கும். ஏறும் நிலையத்தில் அதனைக் கருவியின்மீது காட்ட வேண்டும். இறங்கும் நிலையத்தில் துளையினுள் இட வேண்டும். இடையில் தொலைத்துவிடக் கூடாது. ஒவ்வொருவர் வில்லையும் அவரவரிடமே இருத்தல் நன்று.

வளாகத்தை அடைந்ததும் கண்ணைக் கவரும் மாபெரும் கட்டடம் நாம் தேடும் உள்ளரங்கம் அன்று. அது 80,000க்கும் மேற்பட்டோர் அமரும் தேசிய விளையாட்டரங்கம். காற்பந்து போன்ற திறந்தவெளி ஆட்டங்கள் அங்கு நடைபெறும். நீச்சல் மையமும் பிற கூடங்களும்கூட அதே வளாகத்தில் உள்ளன. ஆகவே, கூட்டம் போகும் பக்கமெல்லாம் பின்தொடராமல், அறிவிப்புப் பலகையைப் படித்தோ பணியாளரைக் கேட்டோ செல்க.

நுழைவுச்சீட்டைப் படிக்கும் முறை

என் தந்தைக்கு அன்று யாரேனும் இதை விளக்கியிருந்தால் அவர் தடுமாறியிருக்கமாட்டார். ஏனெனில், இது அவர் நாள்தோறும் செய்த வேலையே ஆகும்.

தோட்டத்தில் ஒரு மரத்தைச் சுட்டிக்காட்ட வேண்டுமானால் எவ்வாறு கூறுவோம்? முதலில் காட்டின் எண்ணைச் சொல்வோம். பின்னர் நிரையைச் சொல்வோம். அதன்பின் அந்நிரையில் எத்தனையாவது மரம் என்போம். பரந்த தோட்டத்தில் ஆயிரமாயிரம் மரங்கள் ஒன்றுபோல் நின்றாலும், இம்மூன்றையும் சொன்னால் நம் தொழிலாளர் நேரே அம்மரத்தின் அடியில் போய் நிற்பர். செம்பனைக் குலை வெட்டுவோரும் நிரையைக் கொண்டே தம் இடத்தை அறிகின்றனர்.

அரங்கின் நுழைவுச்சீட்டும் அவ்வாறே எழுதப்பட்டுள்ளது. முதலில் வாயில், அடுத்து மாடிநிலை, அடுத்துப் பகுதி, அதன்பின் வரிசை, கடைசியில் இருக்கை எண். பெரியதிலிருந்து சிறியதற்குச் செல்வதே முறை. ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். வாயிலைக் கண்டுபிடிக்குமுன் இருக்கை எண்ணைத் தேடுவது, காட்டிற்குள் நுழையுமுன் மரத்தைத் தேடுவதற்கு ஒப்பாகும்.

சில நிகழ்ச்சிகளில் இருக்கை எண் இராது. பகுதி மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும். அப்போது முன்கூட்டியே சென்றால் குழுவினர் அனைவரும் சேர்ந்து அமர இடம் கிடைக்கும். இக்காலத்தில் நுழைவுச்சீட்டு கைப்பேசியிலேயே வருவதும் உண்டு. அவ்வாறாயின், வாயில், பகுதி, வரிசை, எண் ஆகியவற்றைத் தாளில் எழுதி ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் வைத்துவிடுங்கள். கைப்பேசியில் மின்னூட்டம் தீர்ந்துபோகலாம், தாள் தீர்ந்துபோகாது.

அறிவிப்புப் பலகைச் சொற்கள்

மாணவர்கள் தேசிய மொழிப் பாடத்தில் பயின்ற சொற்களே பலகைகளிலும் இருக்கும். பெற்றோரின் பொருட்டு அவற்றை இங்குத் தருகின்றேன்.

‘பிந்து’ என்பது வாயில் அல்லது கதவு.
‘ஆராஸ்’ என்பது மாடிநிலை.
‘புளோக்’ என்பது பகுதி.
‘பாரிஸ்’ என்பது வரிசை.
‘தெம்பாட் டுடோக்’ என்பது இருக்கை.
‘மாசோக்’ என்பது நுழையும் வழி.
‘கெலுவார்’ என்பது வெளியேறும் வழி.
‘தங்கா’ என்பது படிக்கட்டு.
‘தண்டாஸ்’ என்பது கழிப்பறை.
‘பெர்தோலோங்கான் செமாஸ்’ என்பது முதலுதவி.
‘கெச்செமாசான்’ என்பது அவசர நிலை.

சிறுவர்களே, இச்சொற்களை வீட்டில் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் நீங்களே சொல்லிக்கொடுங்கள்.

அரங்கினுள் நடந்துகொள்ளும் முறை

ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அரங்கை அடைவது நலம். வாயிலில் பைகளைச் சோதிப்பர். பெரும்பாலான நிகழ்ச்சிகளில் வெளி உணவையும் பானத்தையும் உள்ளே கொண்டுசெல்ல விடமாட்டார்கள். ஆதலால், வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றுப் பொட்டலத்தை நுழையுமுன்பே உண்டு முடித்துவிடுங்கள்.

இருக்கையை அடைந்ததும் ஆட்டக்களத்தை நோக்குமுன், திரும்பி நின்று வந்த கதவைப் பாருங்கள். அதன்மேல் உள்ள எண் அல்லது எழுத்து யாது? அருகில் என்ன இருக்கின்றது? கடையா, படிக்கட்டா, தீயணைப்புக் கருவியா? இவற்றை வாய்விட்டு ஒருமுறை சொல்லிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது மனத்தில் நிற்கும்.

கழிப்பறைக்குச் செல்லும்போது கதவுகளை எண்ணிக்கொண்டே செல்க. வெளியே வந்து வலப்புறம் மூன்று கதவுகளைக் கடந்து சென்றீர்களாயின், திரும்பும்போது இடப்புறம் வந்து மூன்று கதவுகளைக் கடக்க வேண்டும். சென்ற வழியே திரும்புங்கள். சுற்றிக்கொண்டு மறுபுறமாக வர முயலாதீர்கள். எங்குச் சென்றாலும் இருவராகச் செல்லுங்கள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது எழுந்து நடந்தால் பின்னால் இருப்போர்க்கு மறைக்கும். ஒரு புள்ளி முடியும்வரை காத்திருந்து நடப்பதே பண்பு.

கைதவறிப் பிரிந்துவிட்டால்

இனி, அத்தாயாரின் கேள்விக்கு நேராக விடை கூறுகின்றேன்.

ஒன்று: பிள்ளை நிற்க வேண்டும், பெரியவர் தேட வேண்டும். இருவரும் தேடினால் ஒருவரையொருவர் தவறவிடுவோம். பிரிந்துவிட்டோம் என்று உணர்ந்த இடத்திலேயே, கூட்டம் இடிக்காதவாறு சுவரோரமாக நிற்பது பிள்ளையின் கடமை. தேடுவோர் பலராக இருப்பின் இருவர் எதிரெதிர்த் திசைகளில் செல்க. ஒருவர் இருக்கையிலேயே இருக்க வேண்டும்.

இரண்டு: கேட்பதற்குக் கூச்சப்படக் கூடாது. சீருடை அணிந்த பணியாளர்கள் நமக்கு உதவுவதற்கே அங்கே நிற்கின்றனர். சீட்டைக் காட்டினால் போதும். பேச்சு வராவிடினும் அவர்களுக்கு விளங்கும். அறியாததைக் கேட்பது இழிவன்று.

மூன்று: அரங்கிற்குள் நுழையுமுன்பே, வெளியில் ஒரு சந்திக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அது அசையாத பொருளாக இருக்க வேண்டும். நுழைவாயில் எண், நிலையத்தின் படிக்கட்டு போன்றவை ஏற்றவை. நிறுத்தியிருக்கும் பேருந்தையோ, பனிக்கூழ் வண்டியையோ அடையாளமாகக் கொள்ளாதீர்கள். அவை இடம் மாறிவிடும்.

நான்கு: பிள்ளையின் சட்டைப் பையில் உள்ள தாளில் இருக்கை எண்ணுடன் பொறுப்பாசிரியரின் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். பிள்ளையின் பெயரைச் சட்டையின் வெளிப்புறத்தில் எழுதி ஒட்டாதீர்கள். பெயர் சொல்லி அழைப்பவரெல்லாம் தெரிந்தவர் என்று குழந்தை நம்பிவிடக்கூடும்.

பச்சை விளக்கு

‘கெலுவார்’ என்று எழுதிய பச்சை விளக்கு கதவுகளின்மேல் எரிவதைக் காண்பீர்கள். தீ முதலிய இடர்கள் நேரும்போது வெளியேற வேண்டிய வழி அதுவே. உட்கார்ந்தவுடன் உங்களுக்கு மிக அருகில் உள்ள பச்சை விளக்கு எதுவென்று பார்த்து வையுங்கள். அது வந்த கதவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

அக்கதவுகள் வெளிப்புறமாகத் திறக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். அதற்குக் காரணம் உண்டு. 1903ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இரோகுவா நாடக அரங்கு தீப்பற்றியபோது 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பூட்டியிருந்த கதவுகளும், உட்புறமாகத் திறக்கும் கதவுகளும் மக்களை வெளியேற விடாமல் தடுத்தன. பின்னாலிருந்து கூட்டம் நெருக்கும்போது முன்னால் இருப்பவர் கதவைத் தம் பக்கம் இழுக்க இயலாதன்றோ? அத்துயருக்குப் பின்னரே, தள்ளினால் வெளிப்புறம் திறக்கும் கதவும், அதன் குறுக்கே பொருத்தப்படும் தள்ளுகோலும் பொதுக் கட்டடங்களில் பரவின. இடர் நேர்ந்தால் ஓடாதீர்கள்; தள்ளாதீர்கள்; பொருள்களை எடுக்கத் திரும்பாதீர்கள்; மின்தூக்கியைப் பயன்படுத்தாதீர்கள். படிக்கட்டின் வழியே நடந்து வெளியேறுங்கள். அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 999.

வீடு திரும்புதல்

வரும்போது மக்கள் சிறிது சிறிதாக வருவர். போகும்போது ஒரே நேரத்தில் வெளியேறுவர். அவ்வேளையில்தான் பிள்ளைகள் கைதவறுவது மிகுதி. கடைசிப் புள்ளி விழுந்தவுடன் எழுந்து ஓடாமல், பத்து நிமிடம் இருக்கையிலேயே அமர்ந்திருங்கள். கூட்டம் குறைந்தபின் ஆள்களை எண்ணிக்கொண்டு எழுந்திருங்கள். வாயிலுக்கு வெளியே ஒருமுறையும், பேருந்தில் ஏறியபின் ஒருமுறையும் எண்ணுங்கள். எல்.ஆர்.டி.யில் திரும்புவோர் கடைசி வண்டியின் நேரத்தை வந்திறங்கும்போதே நிலையத்தில் கேட்டறிந்துகொள்வது அறிவுடைமை. ஆட்டம் நீண்டு இரவாகிவிடுவது உண்டு.

முடிவுரை

மேலே கூறியவற்றை நம் பள்ளியிலேயே பயிற்சி செய்து பார்க்கத் திட்டமிட்டுள்ளோம். திடலில் வட்டமாக நாற்காலிகளை இட்டு, பகுதிக்கும் வரிசைக்கும் எண் கொடுத்து, மாணவர்களிடம் சீட்டுகளைக் கொடுத்து இடம் தேடச் செய்வோம். ‘பிரிந்தவர் நிற்க, பெரியவர் தேடுக’ என்பதையும் அவ்வாறே பழக்குவோம். பெற்றோரும் வந்து கலந்துகொள்ளுமாறு அழைக்கின்றேன்.

என் தந்தையார் மறைந்து ஆண்டுகள் பலவாகிவிட்டன. அவருடன் சென்று பார்த்த பாதி ஆட்டத்தை நான் மறக்கவில்லை. நம் பிள்ளைகள் முழு ஆட்டத்தையும் பார்த்து வர வேண்டும். பெரிய வாயில்களின்முன் தயங்கி நில்லாமல், கையில் உள்ள எண்ணைப் படித்து, தெரியாததைக் கேட்டு, நிமிர்ந்து நடந்து தத்தம் இடத்தில் அமர வேண்டும்.

அம்மா, தங்கள் கேள்விக்கு என்னால் இயன்ற விடை இதுவே. பிள்ளையுடன் சேர்ந்து இதனைப் படித்துப் பாருங்கள். மனம் அமைதியுற்றபின் இசைவுக் கடிதத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள், அதுவரை காத்திருக்கின்றேன். தாங்களும் எங்களுடன் வருவதானால், பேருந்தில் தங்களுக்கும் ஓரிடம் உண்டு.

வணக்கம்.

தலைமையாசிரியர்